ராயப்பன் பேரன்

சென்னையில் ஒருவர் தேவையில்லாமல் இங்கிலீஷில் பேசினால் ‘பீட்டர் விடறான்’ என்போம். ஏன் பீட்டர்? யாரும் ஜான் விடுவதில்லை, டேவிட் விடுவதில்லை. கலிலேயா ஏரியில் வலை வீசிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் பெயர் இது. அவர் வாழ்ந்த காலத்தில் இங்கிலீஷ் என்று ஒரு மொழியே கிடையாது. இருந்தும் இரண்டாயிரம் வருஷம் கழித்து மெட்ராஸ் காலேஜ் பசங்களிடம் இப்படி மாட்டிக்கொண்டார்.

அதே பீட்டர், பாரிமுனையைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே போனால் வேறு ஆளாகிவிடுகிறார். அங்கே அவர் ராயப்பர். ராயபுரம் என்ற ஊரே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஏதோ ஒரு ராயர் ஆண்ட ஊர் போல என்று நினைப்பவர்கள் உண்டு. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய அந்த ஸ்டேஷனின் பெயரை இங்கிலீஷில் ஆர், ஓ, ஒய் என்று எழுதுவதால் ‘ராயல்’ சம்பந்தம் ஏதாவது இருக்குமோ என்றும் தோன்றும். இல்லை. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னால், கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அலைகளைத் தாண்டி மசூலா படகில் ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த படகுக்காரர்கள் 1820-களில் தங்களுடைய புனிதருக்குக் கட்டிய கோயில் அங்கே இருக்கிறது. கடல் தொழிலாளிக்குக் கடல் தொழிலாளியே காவல்.

எனக்குத் தெரிந்த ஒரு ராயபுரத்துக் குடும்பத்தில் இந்த இரண்டு பெயருக்கும் நடுவே சண்டை வந்திருக்கிறது. சண்டை என்றால் குரல் உயர்த்தாத சண்டை. அதுதான் ரொம்ப நாள் நீடிக்கும்.

தம்பி சாஃப்ட்வேர் ஆசாமி. ஓ.எம்.ஆரில் வேலை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், பெயர் ராயப்பன். போன வருஷம் காலமானார். அடுத்த மூன்றாவது மாதம் தம்பிக்கு ஆண் குழந்தை. குழந்தைக்கு ராயப்பன் என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை. தம்பி ‘பீட்டர்’ என்கிறார். “ரெண்டும் ஒரே பேருதானேம்மா! அப்பா பேரை வெச்ச மாதிரியும் ஆச்சு, நாளைக்கு வெளிநாடு போனா வாயில நுழையற மாதிரியும் ஆச்சு” என்பது அவர் வாதம். அம்மா அதற்குச் சொன்ன பதில்: “அது எப்படிடா ஒண்ணாவும்?”

அவ்வளவுதான் கேள்வி. ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதமாகத் தூங்காமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தம்பி கட்சியைப் பார்ப்போம். பைபிளில் அந்த மீனவரின் சொந்தப் பெயர் சீமோன். இயேசு அவரைப் பார்த்ததும் புதுப்பெயர் ஒன்று வைக்கிறார், கேபா. அராமேய மொழியில் பாறை என்று அர்த்தம். யோவான் எழுதிய நற்செய்தி அந்த இடத்திலேயே, கிரேக்க வாசகர்களுக்காக, இதை மொழிபெயர்த்தால் பேதுரு என்று குறிப்புக் கொடுத்துவிடுகிறது. அதாவது இந்தப் பெயர் பிறந்த வீட்டிலேயே மொழிபெயர்க்கப்பட்ட பெயர். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை. மணலி ரிஃபைனரியில் சுத்திகரிக்கிறார்களே பெட்ரோலியம், அதிலும் இதே பாறைதான். பாறை எண்ணெய் என்று பொருள்.

அதற்கப்புறம் உலகம் பூராவும் சத்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பெட்ரஸ், பெட்ரோ, பியோத்தர், பீட்டர், மலையாளத்தில் பத்ரோஸ். பிரெஞ்சுக்காரர்களிடம் மட்டும் சத்தமும் அர்த்தமும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பியேர் என்றால் அவர்களுக்கு இன்றும் கல்.

தமிழ்நாட்டுக்கு வந்த சேசு சபைச் சாமியார்கள் வேறு வழியில் போனார்கள். சத்தத்தை விட்டுவிட்டு அர்த்தத்தைப் பிடித்தார்கள். லத்தீனில் பவுல் என்றால் சிறியவர். அவரைச் சின்னப்பர் ஆக்கினார்கள். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் இருக்கிறது, அவர் அருளப்பர். கிரேக்கத்தில் அந்திரேயா என்றால் ஆண்மை, வீரம், அவர் பெலவேந்திரர். ராயப்பருக்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்வதுண்டு. தெலுங்கில் ‘ராயி’ என்றால் கல், எனவே பாறை என்பது ஒன்று. ராயன் என்றால் அரசன், சீடர்களுக்குத் தலைவர் அல்லவா என்பது இன்னொன்று. எதை எடுத்தாலும் கணக்கு நேராகிறது.

பெஸ்கி பாதிரியார் இதில் எல்லோருக்கும் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் கான்ஸ்டன்டைன். அசையாத உறுதி என்ற அர்த்தத்தை எடுத்துத் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்றால் உங்களுக்குத் தெரியும். 1726-ல் தேம்பாவணி எழுதும்போது, எபிரேயத்தில் ஜோசப் என்றால் பெருகுதல் என்று வருவதால் சூசையப்பரை வளன் ஆக்கினார். திருச்சியில் இன்றும் தூய வளனார் கல்லூரி இருக்கிறது. அதில் படித்த எத்தனை பேருக்கு வளனும் ஜோசப்பும் ஒன்று என்று தெரியுமோ!

இதைக் கிறிஸ்தவர்கள் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். 1916 வாக்கில் சுவாமி வேதாசலம் என்ன செய்தார்? வேதம் மறை, அசலம் மலை, மறைமலை. அவருக்கும் முன்னால் சூரியநாராயண சாஸ்திரி: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர், பரிதிமாற் கலைஞர். திருவொற்றியூர் கோயிலில் திரிபுரசுந்தரி என்று அர்ச்சகர் சொல்வதும், வெளியே பூக்காரம்மா வடிவுடையம்மா என்று கும்பிடுவதும் ஒரே அம்மனைத்தான். பெயரின் அர்த்தத்தைத் தமிழில் சொன்னால் ஆள் மாறுவதில்லை என்று நாம் எல்லோருமே நம்புகிறோம்.

அப்படியானால் தம்பி சொல்வது சரி. பீட்டர்தான் ராயப்பன், ராயப்பன்தான் பீட்டர். அம்மா ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்?

இந்த இடத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில்லைக் கூப்பிட வேண்டும். லண்டனில் உட்கார்ந்துகொண்டு கிழக்கிந்தியக் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா வேலையிலிருந்து மேலே மேலே போனவர். நம் படகுக்காரர்கள் கரைசேர்த்த அதே கம்பெனி. 1843-ல் தர்க்கம் பற்றி ஒரு தடிப் புத்தகம் எழுதினார். அதில் பெயர்ச்சொல் பற்றி ஒரு குண்டு போடுகிறார். மனிதர், ஊர் பெயர்களுக்கு அர்த்தம் என்பதே கிடையாது, அவை வெறும் அடையாளம். அலிபாபா கதையில் திருடன் வீட்டுக் கதவில் சாக்பீஸால் கோடு போடுவானே, அந்த மாதிரி. கோடு, வீட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இந்த வீடு என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

அதற்கு அவர் சொல்லும் உதாரணம் டார்ட்மவுத் என்ற ஊர். டார்ட் நதியின் வாயில் இருப்பதால் அந்தப் பெயர். நாளைக்கே ஆற்றின் வாயை மண் மூடிவிட்டாலும் ஊர்ப் பெயர் டார்ட்மவுத்தாகவே இருக்கும் என்கிறார். மில்லுக்கு எண்ணூர் தெரிந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் முகத்துவாரக் குப்பம் என்றே ஒரு மீனவர் குப்பம் இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டுக்கொள்வதும், அதை வெட்டித் தூர்வாரச் சொல்லி மீனவர்கள் கேட்பதும் பழைய கதை. வாய் அடைத்துக்கொண்டாலும் குப்பத்தின் பெயர் மாறுவதில்லை.

சரியாகத்தான் சொல்கிறார் மில். பாறை என்று பெயர் வாங்கிய சீமோன் பாறையாகவா இருந்தார்? இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று சொன்னவர். பெயருக்கும் ஆளுக்கும் அன்றைக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பெயரை யாரும் திரும்ப வாங்கவில்லை. குழந்தைப் பெயர்ப் புத்தகங்களைப் புரட்டி ‘வெற்றி உடையவன்’, ‘ஒளி பொருந்தியவன்’ என்று தேடும் பெற்றோர்கள் இந்தச் சேவலை மறந்துவிடக்கூடாது.

ஆனால் மில் விட்டுவிட்டது ஒன்று இருக்கிறது. நான் பி.காம். படித்தவன், எனக்கு அது குட்வில் என்ற தலைப்பில் தெரியும். ஒரு கடை பல வருஷம் நாணயமாக நடந்தால் அதன் பெயருக்கு ஒரு மதிப்பு சேர்கிறது. போர்டில் எழுதியிருக்கும் வார்த்தைக்கு அகராதியில் என்ன அர்த்தம் என்பது இங்கே பிரச்னையே இல்லை. வேடிக்கை என்னவென்றால், தானாகச் சேர்ந்த குட்வில்லைக் கணக்குப் புத்தகத்தில் சொத்தாகக் காட்டக்கூடாது. காசு கொடுத்து வாங்கியதை மட்டும்தான் எழுதலாம். ஆகவே அப்பா பெயரில் அப்பா சேர்த்தது எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் வராது. ஆனால் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ராயப்பன் என்ன சேர்த்தார்? கூட வேலை பார்த்தவர்கள் கடன் வாங்கும்போது ஜாமீன் கையெழுத்துப் போடுவார். கேட்டால் மறுக்கத் தெரியாது. இரண்டு பேர் கட்டாமல் போனார்கள். இரண்டையும் இவர் கட்டினார். சாவுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் ஏதோ ஒரு வகையில் கையெழுத்து வாங்கியவர்கள் என்று அம்மா சொன்னார். சொல்லும்போது அந்த முகத்தில் இருந்தது பெருமைதான்.

தம்பியைத் தனியாகப் பிடித்தேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம், லாஞ்ச்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் டீ குடித்துக்கொண்டே கேட்டேன். வெளிநாடு, வாயில் நுழைவது எல்லாம் சும்மா என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

“ஜாமீன் கடனைக் கட்டறதுக்கு அப்பா வெளியில வட்டிக்கு வாங்கினாருண்ணா. நான் பிளஸ் டூ படிக்கிறேன். காலங்காத்தால ஒருத்தன் வாசல்ல வந்து நிப்பான். ‘ராயப்பா... டேய் ராயப்பா’ம்பான். தெருவே கேக்கும். அப்பாவுக்கு அவனவிட இருபது வயசு ஜாஸ்தி. இன்னிக்கும் அந்தப் பேரை யாராவது கூப்பிட்டா எனக்கு அந்தக் குரல்தான் கேக்குது. அந்தப் பேரைப் போய் என் புள்ளைக்கு வெக்கச் சொல்றாங்க.”

எனக்கு டீ இறங்கவில்லை. ஒரே பெயர். அம்மாவின் புத்தகத்தில் அது சொத்துப் பக்கத்தில் இருக்கிறது. மகன் புத்தகத்தில் கடன் பக்கத்தில். இரண்டு பேருமே பொய்க் கணக்கு எழுதவில்லை. தம்பி பீட்டரைத் தேடிப் போனதன் காரணமும் இதுதான். அர்த்தம் ஒன்றாக இருப்பதால் இல்லை. அர்த்தம் எல்லாம் உதிர்ந்து சுத்தமாக இருப்பதால். பீட்டர் என்று யாரும் வாசலில் நின்று கத்தியதில்லை.

சால் கிரிப்கி என்று ஓர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இருந்தார், 2022-ல் காலமானார். 1970-ல் அவர் நடத்திய மூன்று சொற்பொழிவுகள் இந்த விஷயத்தைப் புரட்டிப் போட்டன. பெயர் எப்படி ஆளைப் போய்ச் சேருகிறது என்றால், முதலில் ஒரு பெயர்சூட்டல் நடக்கிறது. அதற்கு அவர் பயன்படுத்திய வார்த்தையே ஞானஸ்நானம்தான். பிறகு அந்தப் பெயர் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குச் சங்கிலி மாதிரி கைமாறுகிறது. சங்கிலி அறுபடாத வரை பெயர் அந்த ஆளையே காட்டும், அர்த்தம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

இதை ராயபுரத்தில் வைத்துப் பார்த்தால் அம்மாவின் பதில் விளங்கிவிடுகிறது. கலிலேயா மீனவரிடம் போகும் சங்கிலி ஒன்று. அதில் பீட்டர், பேதுரு, ராயப்பர், பியேர் எல்லாரும் ஒருவரேதான். கிரேன் ஓட்டியவரிடம் போகும் சங்கிலி வேறு. அது ராயபுரத்தில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணீரில் ஆரம்பித்து, வட்டிக்காரன் வாய் வழியாகவும் நண்பர்கள் வாய் வழியாகவும் வந்திருக்கிறது. அந்தச் சங்கிலியில் பீட்டர் என்று யாருமே கிடையாது. அம்மா, சீமோனின் பெயரைக் கேட்கவில்லை. தன் புருஷனின் பெயரைக் கேட்கிறார். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டனின் பெயரைச் சுமப்பவன். பீட்டர் என்று வைத்தால் பேரன் இருப்பான், பெயரன் இருக்க மாட்டான்.

ஆளுக்காக வைக்கும் பெயரில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வடசென்னைத் தொழிற்சங்கக் குடும்பங்களில் லெனின்களும் ஸ்டாலின்களும் உண்டு. மிகப் பிரபலமான ஸ்டாலினின் கதை தெரிந்ததுதான். 1953 மார்ச் 1-ல் பிறந்தார். நாலு நாள் கழித்து மாஸ்கோவில் அந்த ஸ்டாலின் இறந்தார். அய்யாதுரை என்று வைப்பதாக இருந்ததை கலைஞர் மாற்றிவிட்டார். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரால் இடம் மறுத்தபோது, பெயரை மாற்றாமல் பள்ளியை மாற்றினார் என்று மு.க.ஸ்டாலினே மேடைகளில் சொல்லியிருக்கிறார். ரஷ்ய மொழியில் ஸ்டால் என்றால் எஃகு. அதற்காக யாரும் இங்கே அந்தப் பெயரை வைக்கவில்லை. பிறகு 1956-ல் குருஷ்சேவ் அந்த ஆளின் கணக்கு வழக்கை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டார். 1961-ல் ஸ்டாலின்கிராட் என்ற நகரமே பெயரை மாற்றிக்கொண்டது. நம் ஊர் ஸ்டாலின்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் அந்தப் பெயரில் தங்கள் சொந்தக் கணக்கை எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். “உன் பையன் அந்தப் பேர்ல என்ன எழுதுவான்னு நமக்குத் தெரியாதேப்பா.” அவர் சிரித்தார். “எழுதறதுக்கு அவனுக்குப் புது நோட்டு குடுக்கலாமேண்ணா, எதுக்குப் பாதி எழுதின நோட்டு?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சொல்லப்போனால், பிறந்து மூன்று நாளான ஒரு ஜீவன் மேல் செத்துப்போனவருடைய மரியாதையையும் அவமானத்தையும் ஏற்றிவைக்க நமக்கு என்ன உரிமை என்று கேட்டால் நானும் தடுமாறுவேன். ஆனால் வெறும் சத்தமாக ஒரு பெயரை வைப்பதும் பெரிய கருணை என்று எனக்குத் தோன்றவில்லை. ‘ஷ்’, ‘ஜ்’ என்று முடிகிற, வகுப்பில் நாலு பேருக்கு இருக்கிற பெயர்களைப் பார்த்தால், அலிபாபா கதையில் மார்ஜியானா எல்லா வீட்டுக் கதவிலும் ஒரே கோடு போட்டாளே, அதுதான் ஞாபகம் வருகிறது.

மருமகள் பாளையங்கோட்டைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். அங்கே எப்போதும் பேதுருதான். கத்தோலிக்கர்களும் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில் ராயப்பரை விட்டுப் பேதுருவுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு சபைகளும் ஒரே புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்றால் யாராவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு தலைமுறை கழித்து, ராயபுரத்தின் பெயர் யாருடையது என்று ராயபுரத்துப் பையனுக்கே பாடம் எடுக்க வேண்டிவரும். அமெரிக்காவில் இருக்கும் தம்பியின் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு சமரசம் அனுப்பியிருக்கிறார்: சர்டிபிகேட்டில் ராயப்பன், கூப்பிடுவதற்கு ரயன். ஐரிஷ்காரர்களின் அந்தப் பெயருக்குச் ‘சின்ன அரசன்’ என்று பெயர்ப் புத்தகங்களில் போட்டிருக்கிறதாம்! சேசு சபைச் சாமியார்கள் கேட்டால் மெச்சிக்கொள்வார்கள்.

கடைசியாக அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டேன். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு தடவைகூடப் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால், “நம்ம சர்ச்சு சாமி பேருதான்” என்பாராம். அர்த்தத்தைச் சுற்றிச்சுற்றிச் சொல்லலாம், சத்தத்தைத்தான் சொல்லக்கூடாது. பழைய மனைவிமார்களுக்குப் பெயரின் உயிர் சத்தத்தில்தான் இருந்தது. “பேரனுக்கு அந்தப் பேரையே வெச்சா நீங்க எப்படிம்மா கூப்பிடுவீங்க?”

“நான் எங்க தம்பி கூப்பிடப் போறேன்? வீட்டுல அந்தப் பேரு இருக்கணும். மத்தவங்க கூப்பிட்டா நான் காதால கேட்டுக்குவேன்.”

அதற்குள் உள்ளே தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. “இரு ராசா, வந்துட்டேன் ராசா” என்று எழுந்து போனார். எல்லாப் பாட்டிகளும் சொல்வதுதான். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் ராயன் என்றால் ராசா என்பது எனக்கு உறைத்தது.

பையனுக்கு இப்போது பதினோரு மாதம். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. சட்டப்படி ஒரு வருஷம் வரை கட்டணம் இல்லாமல் எழுதலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வருஷம் வரை எழுதலாம். தம்பி கட்டணம் கட்டுகிற ஜாதி இல்லை. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.